வெந்நீர்க் குளத்தில் சொன்ன விலை

அத்தியாயம் 14

குன்சான் நகரத்துக் கீழ்ப்பாலம் சந்தையில் அன்று காலை எட்டு மணிக்கு எதிரெதிரே இரண்டு கரும்பலகைகள் வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. குளிர்காலக் கிம்ச்சிக்கு, அதாவது காரமான கோஸ் ஊறுகாய்க்கு, ஆர்டர் எடுக்கும் முதல் நாள் அது. விலையை எழுதியாக வேண்டும். யார் முதலில் எழுதுவது என்பதுதான் தகராறு.

இந்தப் பக்கம் ஓக்பூனின் தொடுகறிக் கடை. அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தி மல்சுன்னின் தொடுகறிக் கடை. அண்ணனும் தம்பியுமான புருஷன்மார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இரண்டு கடைகளும் ஒரு சண்டையும்தான். ஆறு வருடங்களுக்கு முன் ஒரே விலை போடுவோம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஓக்பூன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மல்சுன் இரண்டாயிரம் வோன் குறைத்து எழுதினாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு பேரும் மற்றவள் பலகையைப் பார்த்தபடி கழுத்து வலிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

போன அத்தியாயத்தில் ஓக்பூன் தன் மருமகள் ஹேரானின் கையில் சாக்பீஸைத் திணித்து, இந்த வருஷம் விலையை நீயே போடு என்று சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அறுபத்தொன்பது வயதுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சாக்பீஸ். ஹேரானுக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியாருக்கு அத்தனை பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வேன் வந்து நின்றது. ஹேரானின் கணவன் கிதே குதித்து இறங்கினான். மொத்தச் சந்தையிலிருந்து வருகிறான்.

"கோஸ் ஒண்ணு நாலாயிரத்து ஐநூறு!" என்றான், யாரோ செத்த செய்தி சொல்வதுபோல.

"போன வருஷம் ரெண்டாயிரம்" என்றாள் ஹேரான்.

"போன வருஷம் வானம் ஒழுங்கா இருந்துச்சு. இந்த வருஷம் கோடை பூரா வெந்து, அப்புறம் கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு. பாதித் தோட்டம் அழுகிப் போச்சாம். மிளகாய்ப்பொடிக்காரன் என் மூஞ்சியப் பார்த்தே சிரிக்கிறான்."

ஹேரான் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பத்து கிலோ பெட்டிக்குக் கோஸ், மிளகாய்ப்பொடி, உப்பு இறால், பூண்டு எல்லாம் சேர்த்து அறுபத்தோராயிரம் வோன் அடக்கமே ஆகிறது. எழுபத்தெட்டாயிரம் போட்டால்தான் கடை நிற்கும். போன வருஷ விலையோ ஐம்பத்தைந்தாயிரம்.

வருஷத்து வருமானத்தில் பாதி இந்த ஒரு மாதக் கிம்ச்சியில்தான் வரும். இதில் கையைச் சுட்டுக்கொண்டால் வசந்தத்தில் கடையை மூடிவிட்டுக் கூரியர் வண்டி ஓட்டப் போய்விடுவேன் என்று கிதே போன மாதமே சொல்லிவிட்டான். கிதே சொன்னால் செய்துவிடுகிற ரகம். அதுதான் ஹேரானுக்குப் பயம். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடை அவளுடையதும்தான்.

"எழுபத்தெட்டாயிரம்னு எழுதிடறேன் அத்தை" என்று சாக்பீஸை எடுத்தாள்.

ஓக்பூன் ஏற்கெனவே கழுவிய முள்ளங்கியை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சலூன்காரி தோக்சிம் தலையில் நாலு சுருள் கிளிப்போடு உள்ளே வந்தாள். "அக்கா, எனக்கு ஒரு பெட்டி எழுதிக்கோ. அம்பத்தஞ்சாயிரம்தானே? குளத்துல சொன்னியே! மகராசி, நீ நல்லா இருக்கணும்." சொல்லிவிட்டு, கஸ்டமர் தலையில் கலர் காய்கிறது என்று ஓடிவிட்டாள்.

ஓக்பூன் முள்ளங்கியை இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

"அத்தை" என்றாள் ஹேரான். "எந்தக் குளத்துல?"

"எந்தக் குளத்துல சொல்லுவாங்க? வெந்நீர்க் குளத்துலதான்."

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை ஓக்பூன் வழக்கம்போல் பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிருந்தாள். வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு இருபது பெண்கள். மூலையில் மல்சுன் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கோஸ் விலை ஏறுதாமே, இந்த வருஷம் கிம்ச்சி எப்படி என்று எவளோ கேட்டாள். மல்சுன் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லியிருப்பாளோ, யாருக்குத் தெரியும்? அதற்குள் ஓக்பூன் முந்திக்கொண்டாள். "பத்து கிலோ போன வருஷ விலைதான்! என் வாடிக்கைக்காரங்ககிட்ட நான் ஏத்துவேனா?" இருபது பேரும் தண்ணீரில் கைதட்டினார்களாம்.

"அன்னிக்குச் சாயங்காலம்தானே சாக்பீஸை என் கையில குடுத்தீங்க?" என்றாள் ஹேரான்.

ஓக்பூன் முள்ளங்கியைப் பார்த்துப் பேசினாள். "உடம்புல ஒட்டுத்துணி இல்லாம உட்கார்ந்திருக்கறப்போ கணக்கு எங்கேடி வரும்? எதிர்ல அவ வேற இருந்தா."

"இருபது பேரா?" கிதே தலையில் கை வைத்தான். "இந்நேரம் நாப்பது ஆயிருக்கும்மா. ஒரு பெட்டிக்கு ஆறாயிரம் நம்ம கையை விட்டுப் போகும். நாம படுற பாடு இலவசம்."

"சொன்னது சொன்னதுதான். முப்பது வருஷமா சொன்ன விலையில இருந்து ஒரு வோன் மாத்தினதில்ல. இப்போ மாத்தினா நான் எந்த மூஞ்சியோட குளிக்கப் போறது?"

"மலிவு மிளகாய்ப்பொடி கொஞ்சம் கலந்துட்டா..." என்று ஆரம்பித்தான் கிதே. கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டான். பழக்கம்தான்.

ஹேரானுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெருமை என்று நினைத்தது பழியாக வந்து சேர்ந்திருக்கிறது. எழுபத்தெட்டு என்று எழுதினால் வாக்குத் தவறியவள் மாமியார் இல்லை, புதிதாக விலை போட வந்த மருமகள்தான். ஐம்பத்தைந்து என்று எழுதினால் கடை இல்லை. அங்கே நின்றால் ஏதாவது பேசிவிடுவோம் என்று பயந்து, டெலிவரிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் முதல் டெலிவரி பியோ டீச்சர் வீடு. ரிடையரான டீச்சர், அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். வாரம் ஒரு டப்பா, சோயா சாஸில் ஊறிய முட்டை.

"ஃபிரிட்ஜ்லயே வெச்சுடு ஹேரான், எனக்கு முட்டி வலி" என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹேரான் ஃபிரிட்ஜைத் திறந்தாள். அடித்தட்டில் ஓக்பூன் கடைப் பெட்டி இருந்தது. போன நவம்பரில் கொடுத்தது. கால்வாசிக்கு மேல் கிம்ச்சி அப்படியே புளித்துக் கிடந்தது.

"உங்க அத்தைகிட்ட சொல்லிடாதே" என்றாள் டீச்சர் மெதுவாக. "ஜூலையில ஒரு டப்பா கொட்டிட்டேன். மனசே வரலை. எவ்வளவு நல்ல கிம்ச்சி! ஆனா ஒருத்தி எவ்வளவுதான் சாப்பிடுவேன்?"

"அப்போ ஏன் டீச்சர் பத்து கிலோ வாங்கறீங்க?"

"நீங்க விக்கறது பத்து கிலோ பெட்டிதானே?"

ஹேரானுக்குச் சுருக்கென்றது. "கொஞ்சமா போதும்னு சொன்னா குடுக்க மாட்டோமா?"

"பிள்ளைங்க இருந்தப்போ இருபது கிலோ வாங்கினவ நான். இப்போ பாதி போதும்னு உன் கடை வாசல்ல நின்னு சொல்லச் சொல்றியா? டீச்சர் வீட்டுக்குப் பிள்ளைங்க வர்றதே இல்லையாம்னு மத்தியானத்துக்குள்ள சந்தை பூரா தெரிஞ்சிடும்."

பத்து கிலோ பெட்டிக்குள் டீச்சர் இதைத்தான் வருஷா வருஷம் மூடி வைத்திருந்தாள். ஹேரான் டப்பாவை வைத்து ஃபிரிட்ஜை மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாள். என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மனுஷ ஜன்மம் குறைத்துத்தான் சொல்லும். "போன வருஷ கிம்ச்சி எப்போ தீர்ந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

தையல்காரி சிரித்து மழுப்பினாள். மருந்துக்கடைக்காரர் தங்கச்சிக்குப் பாதி கொடுத்ததாகச் சொன்னார். புதுசாகக் கல்யாணமான பெண், ஃபிரிட்ஜில் இடமில்லாமல் அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாளாம். பதினொரு வீடுகளில் எட்டு வீட்டில் மிச்சம். மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று இருக்கிற வீட்டில் மட்டும், மார்ச்சிலேயே காலி, ஏன் இன்னும் பெரிய பெட்டி போடக் கூடாது என்று சண்டைக்கே வந்தார்கள்.

லிப்டில் இறங்கும்போது ஹேரான் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ஏழு கிலோவுக்கு அடக்கம் நாற்பத்து மூவாயிரத்துக்குப் பக்கம். அதை ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கொடுத்தால், பத்து கிலோவை எழுபத்தெட்டுக்குக் கொடுப்பதும் இதுவும் கிலோவுக்குக் கிலோ ஒன்றுதான். மறுபடி போட்டாள். அதேதான் வந்தது. லிப்டு தரைக்கு வந்து கதவு திறந்து மறுபடி மூடிக்கொண்டது. அவள் இறங்கவே இல்லை.

கிதேவுக்குப் போன் போட்டாள். "ஏங்க, ஏழு கிலோ பிடிக்கிற காலிப் பெட்டி எங்கெங்க கிடைக்குதோ அத்தனையும் வாங்கிட்டு வாங்க. இப்பவே."

"எதுக்கு?"

"வாங்கிட்டு வந்துட்டு கேளுங்க."

மாமியாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏழு கிலோவா?" ஓக்பூன் எழுந்தே நின்றுவிட்டாள். "விலையை அப்படியே வெச்சுட்டு மூணு கிலோவை உருவிக்கறதா? பிஸ்கட் கம்பெனிக்காரன் பண்ற வேலை! கொசுறு போட்டுப் பழகின கைடி இது!"

"மறைச்சாதான் அத்தை திருட்டு. நான் ஏழுன்னு கொட்டை எழுத்துல எழுதறேன். விலையைவிடப் பெருசா எழுதறேன். பத்து கிலோதான் வேணும்னா எழுபத்தெட்டாயிரம், அதையும் கீழேயே எழுதறேன்."

"எங்க வாடிக்கைக்கு ஏழு எப்படிடி போதும்?"

ஹேரான் கொஞ்சம் தயங்கினாள். சொல்லித்தான் ஆக வேண்டும். "பத்தே அதிகமா இருக்கு அத்தை. ஜூலை மாசம் கொட்டறாங்க."

"எதை?"

"நம்ம கிம்ச்சியை."

ஓக்பூன் உட்கார்ந்துவிட்டாள். "யாரு?" என்றாள்.

"யாருன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர் இல்ல. பிடிக்காம கொட்டலை. மனசு கேக்காம வெச்சு வெச்சுப் பார்த்துட்டு, முடியாம கொட்டறாங்க. உங்ககிட்ட கம்மியா கேக்க வெட்கப்பட்டுக்கிட்டு ஒவ்வொரு வருஷமும் பத்து கிலோ தூக்கிட்டுப் போறாங்க."

முப்பது வருஷமாக ஓக்பூன் யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்குக் காரம் ஆகாது என்று மனப்பாடமாக வைத்திருந்தவள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஊரைவிட்டுப் போனதை மட்டும் பெட்டியில் குறைக்க மறந்துவிட்டாள். எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"எழுது" என்றாள் கடைசியில்.

ஹேரான் எழுதினாள். எதிர்க்கடையில் மல்சுன் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இந்தக் கடை எதிர்ப்பலகையைப் பார்க்காமல் தன் விலையைப் போட்டது.

பதினோரு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. தோக்சிம்தான் முதலில் சத்தமாகப் படித்தாள். "ஏழு கிலோ, அம்பத்தஞ்சாயிரம்... ஏழா? அக்கா, குளத்துல பத்துன்னுல்ல சொன்னே?"

கூட்டம் ஓக்பூனைப் பார்த்தது. பியோ டீச்சர் பின்னால் நின்று கைப்பையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஹேரான் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஓக்பூன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"குளத்துல நான் பெருமைக்குப் பேசினேன்" என்றாள் ஓக்பூன். "கோஸ் விலை தெரியாம பேசினேன். என் மருமக போட்டிருக்கறதுதான் சரியான விலை. ஆனா என் வாயால கேட்டவங்க யாருக்காவது பத்துதான் வேணும்னா, அம்பத்தஞ்சுக்கே பத்து தர்றேன். சொன்னது நான். நஷ்டம் என்னோட."

ஹேரான் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டுப் போட்ட விலையை ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டாளே! இருபது பேரும் பத்து என்று கேட்டால் முடிந்தது கதை. வேன் பக்கத்தில் கிதே கண்ணை மூடிக்கொண்டான்.

தோக்சிம் கிளிப்புக்கு இடையே தலையைச் சொறிந்துகொண்டாள்.

"எனக்கெதுக்குப் பத்து?" என்றாள் திடீரென்று. "என் ஃபிரிட்ஜ்ல பாதி உன் கிம்ச்சி, பாதி ஹேர் டை. ஒரு நாள் மாத்திப் பூசிக்கப் போறேன். ஏழே எழுது ஹேரான்!"

ஒரு சிரிப்புக் கிளம்பியது. அந்தச் சிரிப்புக்குள் பியோ டீச்சரின் குரல் சன்னமாகக் கேட்டது. "எனக்கும் ஏழு போதும். சின்னப் பெட்டி வெக்கறதுக்கு வசதியா இருக்கும்." எல்லாரும் ஏழு வாங்கும்போது டீச்சர் ஏழு வாங்கியதை யார் கவனிக்கப்போகிறார்கள்? டீச்சர் நிமிர்ந்து நின்றாள். ஹேரானைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

பத்துதான் வேண்டும் என்று குளத்து விலைக்குக் கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி, அந்த மூன்று பிள்ளை வீட்டுக்காரி, பணத்தைக் கொடுக்கும்போது, "போங்க அக்கா, எழுபத்தெட்டே எடுத்துக்கோங்க. அந்த விலைக்கு வாங்கினா எனக்குச் சாப்பாடு இறங்காது" என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்குள் நாற்பத்தொரு பெட்டிக்கு ஆர்டர். கிதே ஏழு கிலோ பெட்டிகளை அடுக்கி அடுக்கி மூச்சு வாங்கினான். கூரியர் வண்டியைப் பற்றி அவன் காலையிலிருந்து பேசவில்லை என்பதை ஹேரான் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் பசித்தது. நின்றபடியே ஒரு கிண்ணம் சோற்றில் முள்ளங்கித் துண்டைப் போட்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்ணைச் சரியாக மூடாத ஓக்பூன், உப்பு மூட்டைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நிலையிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"எதிர்க்கடைச் சின்னம்மா கதை தெரியுமா?" என்று கிதே மெதுவாக ஹேரானின் காதருகே வந்தான். "தோக்சிம் இப்போதான் சொன்னா. அன்னிக்கு அம்மா குளத்தை விட்டு ஏறினதும், சின்னம்மா எழுந்து நின்னு, நான் அம்பதாயிரத்துக்குத் தர்றேன்னு சொல்லிடுச்சாம். அதே பத்து கிலோ. வெளியே வந்து பதினஞ்சு பேர்கிட்ட பணமும் வாங்கிடுச்சாம்."

ஹேரான் எதிரே பார்த்தாள். அந்தப் பலகை இன்னும் வெறுமையாகவே இருந்தது. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஏனோ சந்தோஷம் வரவில்லை. காலையில் தனக்கு அழுகை வந்தது எதனால் என்று அவளுக்கு மறக்கவில்லை. அந்தக் கடையில் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு மருமகளும் இல்லை.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓர் உருவம் வெளியே வந்தது. நடுச்சந்தில் நின்றது. பிறகு நேரே இந்தப் பக்கம் நடந்து வந்து, வாசற்படிக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டது. ஆறு வருஷமாக மல்சுன் அந்த ஓரடியைத் தாண்டியதில்லை. உள்ளே பெஞ்சில் இருப்பவளை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"ஹேரான்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏழு கிலோ பெட்டி சந்தையில எங்கேயும் இல்லையாம். இருந்ததெல்லாம் உன் புருஷன் எடுத்துட்டானாம். நானும் ஏழு போதுமான்னு கேட்டுப் பார்க்கப் போறேன், எனக்கு ஒரு இருபது வேணும். சும்மா வேண்டாம். என்ன விலைன்னு சொல்லு."

கிதே வாயைத் திறந்தான். ஹேரான் அவன் காலை மிதித்தாள்.

வெறும் பெட்டி. கிதே வாங்கியது ஒன்று எண்ணூறு வோன். இன்றைக்கு இந்தத் தவிப்பில் மூவாயிரம் என்றாலும் மல்சுன் கொடுத்துவிடுவாள். இரண்டாயிரம் குறைத்து எழுதிய அந்தப் பழைய கதைக்கு வட்டியோடு வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஹேரானின் மனசில் அந்தக் கணக்கும் ஒரு நொடி ஓடத்தான் செய்தது.

அப்போதுதான் ஒன்று கவனித்தாள். குறட்டைச் சத்தம் நின்றிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஓக்பூனின் கண்கள் மூடியேதான் இருந்தன. கன்னம் மட்டும் இறுகியிருந்தது.

"உள்ளே வந்து உட்காருங்க சின்னத்தை" என்றாள் ஹேரான். "ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டுட்டுப் போங்க. பெட்டிக்கு அதான் விலை. குறைக்க மாட்டேன்."

மல்சுன் வாசற்படியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் பெஞ்சைப் பார்த்தாள்.

ஓக்பூன் கண்ணைத் திறக்கவில்லை. உப்பு மூட்டைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.